மூன்று பேருக்கு எதற்கு ஒன்பது சர்வீஸ்?

3 மார்ச் 2025, இரவு 9.10 – பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து வந்த கேள்வி

லிட்டில் இந்தியாவில் பூஜைப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு ஆர்டர் சிஸ்டம் கட்டப் போகிறோம். 1,400 பொருள், 200 சில்லறைக் கடைகள், ஆண்டு விற்பனை 6 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்). பணம் எஃப்பிஎக்ஸ் (பேங்க் அக்கவுண்டிலிருந்து நேராகக் கட்டும் மலேசிய முறை) வழி. ஜூலையிலிருந்து இ-இன்வாய்ஸ் (வரித்துறைக்கு அனுப்பும் மின் பில்) கட்டாயம். நாங்கள் மூன்று பேர். இருவருக்கு லாராவெல் (பிஎச்பி மொழியில் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க், அதாவது தயார்ச் சட்டகம்) அத்துப்படி, ஒருவருக்கு ரியாக்ட் (பிரவுசரில் ஓடும் திரைகளுக்கானது). முன்பக்கம் நெக்ஸ்ட், பின்னால் நெஸ்ட்டில் (இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்) ஒன்பது மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சிறு புரோகிராம்கள்), ரெப்போசிட்டரி (டேட்டாபேஸை மறைக்கும் அடுக்கு), சிக்யூஆர்எஸ் (எழுதுவதற்கும் படிப்பதற்கும் தனித்தனி வழி), ஈவென்ட் சோர்சிங் (ஒவ்வொரு மாற்றத்தையும் நிகழ்வாகச் சேமிப்பது) என்று படம் வரைந்து வைத்திருக்கிறோம். இந்த அடுக்கு பத்து வருஷம் நிற்குமா அண்ணே?

3 மார்ச் 2025, இரவு 11.48 – என் பதில்

ஒன்பது சர்வீஸ், மூன்று பேர். ஆளுக்கு மூன்று. ஒருவர் தைப்பூசத்துக்கு லீவு போட்டால் மூன்று சர்வீஸ் அனாதை.

ஒரு ஆர்டர் விழும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். இருப்பு குறைய வேண்டும், அந்தக் கடைக்குரிய விலை எடுக்க வேண்டும், ஆர்டர் பதிவாக வேண்டும், பணக் கோரிக்கை உருவாக வேண்டும். ஒரே டேட்டாபேஸில் இது ஒரு டிரான்சாக்‌ஷன். நடுவில் எது கவிழ்ந்தாலும் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நான்கு சர்வீஸில் நான்கு டேட்டாபேஸ் என்றால், மூன்றாவது கவிழும்போது முதல் இரண்டையும் திருப்ப நீங்களே கோடு (புரோகிராம்) எழுத வேண்டும். அதற்கு சாகா என்று பெயர். அந்தத் திருப்பும் கோடும் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு கோடு. டேட்டாபேஸ் இனாமாகச் செய்துகொண்டிருந்த வேலையை நீங்கள் சம்பளம் கொடுத்துச் செய்கிறீர்கள்.

என் பதில்: லாராவெல், ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், சர்வரிலேயே உருவாகும் பக்கங்கள். கடைக்காரர் அறுபது எழுபது பொருளை மளமளவென்று தட்டிப் போடும் ஆர்டர் திரைக்கு மட்டும் ரியாக்ட். ஈவென்ட் சோர்சிங் வேண்டாம். இருப்பு ஏன் குறைந்தது என்று பிறகு கேட்பார்கள் என்ற பயம் இருந்தால், இருப்பு அசைவுகளுக்கென்று ஒரு டேபிள் போதும்: பொருள், கூட்டல் கழித்தல் எண்ணிக்கை, காரணம், யார், எப்போது. வரி சேரும், மாறாது.

4 மார்ச் 2025

பத்து வருஷக் கேள்விக்கு நேற்று பதில் சொல்லவில்லை.

பத்து வருஷம் அப்படியே நின்ற ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லை. ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. 2016இல் அதன் அடுத்த பதிப்பு என்று வந்தது முழுக்க வேறொன்று. பழையதற்கு ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. வியூ 2 என்ற ஃபிரேம்வொர்க்குக்கு 2023 டிசம்பர் 31. ரியாக்ட் பெயரளவில் 2013இலிருந்து அதேதான், ஆனால் 2019இல் ஹூக்ஸ் என்ற வசதி வந்த பிறகு எழுதும் விதமே மாறிப்போனது. ரியாக்ட் ப்ராஜெக்டைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பைப் போன மாதம்தான் அதிகாரபூர்வமாகக் கைவிட்டார்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது ஆதரவு அட்டவணை. லாராவெலின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 18 மாதம் பிழைத்திருத்தம், 2 வருஷம் பாதுகாப்புத் திருத்தம். பதிப்பு 12 எட்டு நாளுக்கு முன்தான் வந்தது. பைத்தான் மொழியின் ஜாங்கோவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதற்கு மூன்று வருஷம் ஆதரவு. எதை எடுத்தாலும் வருஷம் ஒரு வாரத்தை மேம்படுத்தலுக்கு ஒதுக்கி, அந்தச் செலவையும் விலைப்புள்ளியில் இப்போதே எழுதிவிடுங்கள். மூன்று பதிப்பைத் தாண்டவிட்டுப் பிறகு ஒரேயடியாக ஏற நினைத்தால் அது மேம்படுத்தல் இல்லை, மறுபடி எழுதுதல்.

மேம்படுத்தலைப் பூட்டி வைப்பது பெரும்பாலும் ஃபிரேம்வொர்க் இல்லை, நீங்கள் சேர்த்த சில்லறை பேக்கேஜுகள் (பிறர் எழுதி வைத்த தயார்த் துண்டுகள்). ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி, பிறகு மறந்துபோன ஒன்று போதும், நீங்கள் பழைய பதிப்பிலேயே நிற்க வேண்டியதுதான். ஐம்பது வரியில் எழுத முடிவதற்கு பேக்கேஜ் தேடாதீர்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரித் துண்டை அதை எழுதியவர் விலக்கிக்கொண்டபோது, எத்தனையோ பேருடைய பில்டு (கோடை ஓடும் வடிவமாக்கும் வேலை) உடைந்து நின்றது.

6 மார்ச் 2025

காஜாங்கிலிருந்து ஒருவர்: "ரெப்போசிட்டரி இல்லாமல் நாளைக்கு டேட்டாபேஸை மாற்ற முடியுமா?"

மாற்றப் போகிறீர்களா? கடைக்காரர் மாற்றச் சொல்வாரா?

லாராவெலில் டேட்டாபேஸோடு பேசும் பகுதியான எலோக்வென்ட், ஆக்டிவ் ரெக்கார்ட் வகை. டேபிளின் ஒரு வரியே கோடில் ஓர் ஆப்ஜெக்டாகி, தன்னைத்தானே சேமித்துக்கொள்ளும். டாக்ட்ரின் என்ற இன்னொரு பிஎச்பி கருவி டேட்டா மேப்பர் வகை. ஆப்ஜெக்டுக்கு டேபிள் தெரியாது, நடுவில் ஒருவர் பெயர்த்துக் கொடுப்பார். ரெப்போசிட்டரி இரண்டாவதோடு இயல்பாகப் பொருந்தும். முதலாவதன் மேல் போர்த்தினால், ஃபைண்ட் என்ற மெத்தடை அழைக்க ஃபைண்ட் என்று இன்னொரு மெத்தட் எழுதுகிறீர்கள். அதிலிருந்து வெளியே வருவதும் எலோக்வென்ட் ஆப்ஜெக்ட்தான். அதை வாங்கிய கன்ட்ரோலர் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் கோடு) நேராகச் சேவ் என்று கூப்பிட்டுவிடும். சுவர் கட்டினீர்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை.

இதில் உண்மையான தொல்லை வேறு. ஐம்பது ஆர்டரைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலும் கடைப் பெயரைக் காட்டினால் டேட்டாபேஸில் 51 குவெரி ஓடும்: பட்டியலுக்கு ஒன்று, கடைப் பெயருக்கு ஐம்பது. ஐந்து வரி டெஸ்ட் டேட்டாவில் தெரியாது, 3,000 ஆர்டர் சேர்ந்த பிறகு திரை நகராது. லாராவெலில் இப்படி ஒவ்வொன்றாக எடுக்கும் லேசி லோடிங்கைத் தடுக்கும் ஒரு வரி இருக்கிறது. அதை டெவலப்மென்டில் எர்ரராக வையுங்கள், லைவில் லாகில் மட்டும் எழுத விடுங்கள். முதல் நாளே போடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போட்டால் சைட் முழுக்கச் சிவப்பாகும், போட்டவர் மேல்தான் எல்லோரும் பாய்வார்கள்.

மற்றபடி எம்விசி (மாடல், வியூ, கன்ட்ரோலர்) கொடுக்கும் பிரிவே உங்கள் அளவுக்குப் போதும். வெப் ஃபிரேம்வொர்க்குகள் கண்டுபிடித்ததிலேயே உருப்படியான விஷயம் அது.

7 மார்ச் 2025

திருத்தம். எம்விசியை வெப்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லிவிட்டீர்கள். 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில், ஸ்மால்டாக் மொழிக்காக டிரிக்வே ரீன்ஸ்கௌக் வகுத்தது. அதில் மாடல் மாறினால் வியூவுக்கு உடனே சேதி போகும். வெப்பில் ரிக்வெஸ்ட் வரும், பதில் போகும், அத்தோடு எல்லாம் செத்துவிடும். பெயர் ஒன்று, பிராணி வேறு. ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதாகச் சொன்னவர் மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்.

19 மார்ச் 2025

"அப்படியானால் ரெப்போசிட்டரி மாதிரிப் பேட்டர்னே வேண்டாமா?" என்று ஜார்ஜ்டவுன் தம்பி கேட்கிறார்.

வேண்டும், ஓர் இடத்தில். உங்கள் கையில் இல்லாதவன் உங்கள் கோடைத் தொடும் இடத்தில். வங்கி, பேமெண்ட் கேட்வே (பணம் வாங்கித் தரும் கம்பெனி), எல்எச்டிஎன் (மலேசிய வரித்துறை), எஸ்எம்எஸ் கம்பெனி. இவர்கள் உங்களைக் கேட்காமல் மாறுவார்கள். உள்ளே இருக்கும் பொருள், ஆர்டர், விலை எல்லாம் நீங்கள் மாற்றினால்தான் மாறும். அங்கே இன்டர்ஃபேஸ் மேல் இன்டர்ஃபேஸ் போடுவது வீட்டுக்குள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கிரில் கேட் போடுவது மாதிரி.

கேட்வேக்கு ஒரு அடாப்டர், அதாவது அதோடு பேசும் ஒரே வாசல். அதில் மூன்றே மெத்தட்: பணக் கோரிக்கையைத் தொடங்கு, வந்த அறிவிப்பைப் படி, நிலவரம் கேள். நான்காவது தோன்றினால் ஒரு நாள் பொறுங்கள். கேட்வே தரும் நிலைக் குறியீடு எதுவும் அடாப்டரைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. உள்ளே உங்கள் சொற்கள் மட்டுமே: காத்திருக்கிறது, வந்தது, தோற்றது, காலாவதி. கேட்வேயின் இரண்டு இலக்கக் குறியீட்டை ஆர்டர் டேபிளில் அப்படியே சேமித்தவர்கள், கேட்வே மாற்றும் அன்றைக்கு ரிப்போர்ட், பிளேட் (லாராவெலின் பக்க வார்ப்பு), எக்செல் ஏற்றுமதி என்று நாற்பது ஃபைலில் அதைத் தேடுவார்கள்.

இனி உடையும் இடம். பணம் வந்த செய்தி இரண்டு வழியாக வரும். ஒன்று கடைக்காரரின் பிரவுசர் திரும்பி வருவது, மற்றது கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வரைத் தட்டுவது. எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டும் ஒரே விநாடியில் வரலாம். பிரவுசர் வராமலே போகலாம், பணம் கட்டியதும் போனைப் பையில் போட்டுவிடுவார்கள். சர்வர் தட்டல் இரண்டு மூன்று முறையும் வரும், ஏனென்றால் உங்கள் பதில் தாமதமானால் மறுபடி அனுப்புவார்கள்.

அதனால் பிரவுசர் வழியை எதையும் மாற்ற விடாதீர்கள். அது வந்தால் திரை காட்டட்டும், அவ்வளவே. பணத்தைப் பதிவது சர்வர் வழி மட்டும். பதியும் டேபிளில் கேட்வேயின் பரிவர்த்தனை எண்ணுக்கு யுனீக் இன்டெக்ஸ் (ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்காத பூட்டு). இரண்டாவது முறை வந்தால் டேட்டாபேஸே தள்ளிவிடும். அந்த எர்ரரைப் பிடித்து, நல்லபடியாக 200 (சரி) என்று பதில் கொடுங்கள். "முதலில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்" என்று கோடில் எழுதினால், பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் இடையில் அடுத்தது நுழைந்துவிடும். சமித்து விற்றதற்கு இரண்டு ரசீது போகும்.

20 மார்ச் 2025

நேற்று நான்கு நிலை எழுதினேன். உங்களுடையது மொத்த வியாபாரம், சில கடைகள் கம்பெனி அக்கவுண்டிலிருந்து கட்டும். அங்கே ஒருவர் போட்டு, இன்னொருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். முதலாளி ஊரில் இல்லையென்றால் அடுத்த நாள்தான். "காத்திருக்கிறது" என்பதை அரை மணி நேரத்தில் காலாவதியாக்கும் கோடு எழுதியிருந்தால், அவர் ஒப்புதல் கொடுக்கும்போது ஆர்டர் செத்திருக்கும், பணம் மட்டும் வந்திருக்கும். "ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்று ஐந்தாவதாக ஒன்று சேருங்கள். காலாவதியான ஆர்டருக்குப் பணம் வந்தால் அதை ஒரு மனிதர் பார்க்க வேண்டிய பட்டியலில் போடுங்கள், தானாக எதுவும் செய்ய வேண்டாம்.

நிலைக்கு ஒன்று என்று ஸ்டேட் பேட்டர்ன் போட்டு ஐந்து கிளாஸ் எழுதலாமா என்றால், வேண்டாம். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று ஒரு அரே (பட்டியல்), பத்து வரி. அதில் இல்லாத தாவலுக்கு எக்செப்ஷன்.

2 ஏப்ரல் 2025

> "பணம் கட்டித் திரும்பினால் சிலருக்கு 419 என்று வருகிறது. சிலருக்கு லாகின் போய்விடுகிறது. எங்கள் டெஸ்டில் எல்லாம் சரியாக ஓடியது."

இதுதான் சரியான கேள்வி. இரண்டு தனித்தனித் தப்பு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

கேட்வே பிரவுசரை உங்களிடம் போஸ்ட்டாக (தரவைச் சுமந்து வரும் ரிக்வெஸ்ட்) திருப்பி அனுப்புகிறது. லாராவெல் எந்தப் போஸ்ட்டிலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ரிக்வெஸ்ட் தன் சொந்தப் பக்கத்திலிருந்து வந்ததற்கான அடையாளம்) தேடும். கேட்வேயிடம் அது ஏது? அதனால் 419. அந்த ஒரு முகவரியை மட்டும் சோதனையிலிருந்து விலக்க வேண்டும். அவசரத்தில் நட்சத்திரக்குறி போட்டு எல்லா முகவரியையும் விலக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

விலக்கினால் 419 போகும், லாகின் பிரச்சினை போகாது. லாராவெலின் செஷன் குக்கியில் (லாகினை நினைவில் வைப்பது) சேம்சைட் மதிப்பு, அதாவது வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்ற விதி, லாக்ஸ். வேறு தளத்திலிருந்து போஸ்ட்டாக வரும்போது பிரவுசர் அந்தக் குக்கியை அனுப்பாது. குக்கி இல்லாத ரிக்வெஸ்ட் வந்ததும் லாராவெல் "யாரோ புது ஆள்" என்று புதுச் செஷன் தொடங்கி, புதுக் குக்கியைப் பழையதன் மேலேயே எழுதிவிடும். பணம் கட்டிய மனிதர் அந்த நொடியில் வெளியேற்றப்படுகிறார்.

செய்ய வேண்டியது: அந்தத் திரும்பும் முகவரியைச் செஷனைத் தொடங்கும் மிடில்வேர் இல்லாத முகவரிக் குழுவில் வையுங்கள். அது கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் பக்கத்துக்கு 303 ("அங்கே போ" என்ற பதில்) கொடுத்து அனுப்பட்டும். அடுத்து வருவது கெட் (வெறுமனே பக்கம் கேட்பது), பிரவுசரின் முகவரியே மாறும் மேல்நிலை நகர்வு. லாக்ஸ் குக்கி தானாகக் கூடவே வரும். சேம்சைட்டை நன் (எந்தத் தடையும் இல்லை) என்று மாற்றச் சொல்லிப் பல இடத்தில் எழுதியிருப்பார்கள். ஓடும்தான், வீட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டி வைத்தாலும் கதவு திறக்கும்.

3 ஏப்ரல் 2025

"எங்கள் டெஸ்டில் ஏன் ஓடியது?" என்ற பாதியை நேற்று விட்டுவிட்டேன். நீங்கள் அனுப்பிய கட்டமைப்பில் சேம்சைட் வரி நல் (வெறுமை) என்று மாற்றப்பட்டு, மதிப்பு இல்லாமல் இருக்கிறது. ஆகவே நேற்று நான் சொன்ன லாக்ஸ் உங்களுடையது இல்லை. மதிப்பே குறிப்பிடாத குக்கியைக் குரோம் லாக்ஸாகத்தான் நடத்தும், ஆனால் ஒரு சலுகை: குக்கி பிறந்து இரண்டு நிமிடத்துக்குள் என்றால் போஸ்ட்டிலும் அனுப்பும். நீங்கள் டெஸ்ட் பேங்கில் லாகின் செய்து, பொத்தானை அழுத்தி, நாற்பது விநாடியில் திரும்பியிருப்பீர்கள். நிஜக் கடைக்காரர் பேங்க் பாஸ்வேர்டை நினைவுபடுத்தி, போனில் ஒப்புதல் தேடி, நடுவில் ஒரு வாடிக்கையாளருக்குக் கற்பூரம் எடுத்துக் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து வருவார். டெஸ்ட் செய்யும்போது பேங்க் பக்கத்திலேயே ஒரு தே தாரேக் (டீ) குடித்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

வரியை லாக்ஸ் என்றே திரும்ப எழுதிவிடுங்கள். உடைவதானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி உடையட்டும்.

11 மே 2025

கொஞ்சம் திசை மாறுகிறேன், ஆனால் இது நம்மவர்களைக் கடிக்கும் விஷயம்.

நம் பெயரில் சாய்கோடு உண்டு: ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்). முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து எழுத்து மட்டும் ஏற்கும் வேலிடேஷன் போட்டால், நாட்டில் பாதித் தமிழர் பதிய முடியாது. ஒரே பெட்டி, "ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி முழுப் பெயர்", சாய்கோடும் அட் (@) குறியும் அனுமதி. அதே பெயரைப் பிடிஎஃப் ஃபைலுக்குப் பெயராக வைத்தால் சாய்கோடு ஒரு ஃபோல்டராகிவிடும், "அப்படி ஃபோல்டர் இல்லை" என்று எர்ரர் வரும். முகவரியில் சாய்கோட்டைக் குறியேற்றி அனுப்பினாலும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் சும்மா விடாது. சாய்கோடு மறைந்திருக்கும் பாதையை அது இயல்பாகவே 404 என்று தள்ளும், உங்கள் கோடு வரை வரவே வராது. லாகில் ஒன்றும் இல்லையே என்று நாள் முழுக்கத் தேடலாம். ஃபைலுக்கும் முகவரிக்கும் எண்ணைப் பயன்படுத்துங்கள், பெயரைத் திரையில் மட்டும் காட்டுங்கள்.

அடுத்தது தமிழ்ப் பொருட்பெயர். பெயரிலிருந்து முகவரித் துண்டு செய்யும் ஸ்லக். ஜாங்கோவில் யூனிகோடை அனுமதித்தாலும், உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாமல் பைத்தான் உதறிவிடும். சாம்பிராணி "சமபரண" ஆகும். குங்குமம் "கஙகமம". பிஎச்பியில் ரெகெக்ஸ் (எழுத்துகளைச் சோதிக்கும் வாய்பாடு) எழுதுவோர் எழுத்து வகையை மட்டும் அனுமதித்து, குறி வகையை மறந்தால் இதே கதைதான். இங்கேயும் பொருள் எண்ணே போதும்.

தேடலில் இன்னொன்று. "கொலு" என்பதன் கொ, ஒற்றைக் குறியாகவும் சேமிக்கப்படலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்று, போஸ்ட்கிரெஸுக்கு இரண்டு வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய எக்செலை ஏற்றினால் இது நடக்க வாய்ப்பு அதிகம். உள்ளே வரும்போதும், தேடுசொல்லையும், என்எஃப்சி (சேர்ந்த ஒற்றைக் குறியாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றுங்கள். இதற்குச் சரியான இடம் மாடலில் ஒரே ஓர் இடம், ஏழு கன்ட்ரோலரில் இல்லை.

12 மே 2025

எஸ்எம்எஸ்ஸிலும் தமிழால் இப்படித் தொல்லை உண்டா என்று கேட்டதற்கு: ஆம், உண்டு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ரோமன் எழுத்து 160, தமிழ் ஓர் எழுத்து நுழைந்தாலும் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது" என்று தொடங்கி, விலாசம் வரை எழுதினால் மூன்று எஸ்எம்எஸ் காசு. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், மறக்க வேண்டாம்.

8 ஜூன் 2025

இ-இன்வாய்ஸ். ஜூலை 1க்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அதனால் நீளமாக.

முதலில் தேதி. 5 முதல் 25 மில்லியன் வரை விற்பனை உள்ளவர்களுக்கு வரும் ஜூலை 1, நீங்கள் இதில் வருகிறீர்கள். 1 முதல் 5 மில்லியன் வரை உள்ளவர்களுக்கு அடுத்த வருஷம் ஜனவரி 1 என்று இப்போது தள்ளியிருக்கிறார்கள். தேதியும் வரம்பும் கோடில் இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆர்டரின் நிலையும் இன்வாய்ஸின் நிலையும் ஒன்றல்ல; இரண்டு டேபிள். நீங்கள் அனுப்பியதும் வருவது "பெற்றுக்கொண்டோம்" என்ற பதில் மட்டும். சரிபார்ப்பு அதற்குப் பிறகு நடக்கும், முடிவை நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். ஆகவே இது கியூ வேலை (வரிசையில் போட்டுப் பின்னணியில் ஓட்டுவது). கடைக்காரர் திரையை நிறுத்தி வைத்துக்கொண்டு எல்எச்டிஎன் பதிலுக்குக் காத்திருக்கும் கோடு எழுதினால், அவர்கள் தாமதித்தால் உங்கள் கடை மூடும்.

கியூவில் மூன்று பொறி.

ஆர்டரைச் சேமிக்கும் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே வேலையை ரெடிஸ் (மெமரியில் இயங்கும் தனிச் சேமிப்பு) கியூவில் போட்டால், டிரான்சாக்‌ஷன் முடியும் முன்பே வொர்க்கர் (கியூ வேலைகளைச் செய்யும் புரோகிராம்) அதை எடுத்து, "அப்படி ஆர்டர் இல்லையே" என்று சொல்லும். டிரான்சாக்‌ஷன் திரும்பிவிட்டால் இன்னும் மோசம், இல்லாத ஆர்டருக்கு வேலை நிற்கும். உங்கள் அளவுக்கு டேட்டாபேஸ் கியூவே போதும்: வேலையும் அதே போஸ்ட்கிரெஸில் ஒரு வரி, ஆர்டரோடு சேர்ந்தே உறுதியாகும், சேர்ந்தே அழியும். இதையே பெரிய இடங்களில் அவுட்பாக்ஸ் பேட்டர்ன் என்பார்கள். லாராவெல் 11 முதல் புது ப்ராஜெக்டில் இயல்பாக வருவதும் டேட்டாபேஸ் கியூதான்.

இரண்டாவது, ரீட்ரை ஆஃப்டர் (முடியாத வேலையை மறுபடி எடுக்கும் நேரம்) 90 விநாடி, வொர்க்கர் டைம்அவுட் (ஓடும் வேலையை நிறுத்தும் நேரம்) 60 விநாடி என்பது இயல்பு. யாராவது டைம்அவுட்டை மட்டும் 120 ஆக்கினால், 90ஆவது விநாடியில் அதே வேலையை இன்னொரு வொர்க்கர் எடுக்கும். ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை போகும். டைம்அவுட் எப்போதும் சிறியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, எல்எச்டிஎன் தரும் அனுமதி டோக்கன். ஒரு மணி நேரம் செல்லும். ஒவ்வொரு அனுப்பலுக்கும் புது டோக்கன் வாங்கினால் வரம்பில் முட்டுவீர்கள். கேஷில் 55 நிமிடம் வையுங்கள்.

ஒரு அனுப்பலில் 100 ஆவணம் வரை போகலாம். அனுப்பிய ஜேசனை (ஆவணத்தின் தரவு வடிவம்) அப்படியே, எழுத்து மாறாமல், ஹாஷோடு (அதன் கைரேகை) சேமியுங்கள். பிறகு பொருளின் பெயரை யாராவது திருத்தினால் பழைய இன்வாய்ஸை டேபிளிலிருந்து மறுபடி உருவாக்கிப் பார்க்க முடியாது. ரத்து செய்ய 72 மணி நேரம், சரிபார்ப்பு முடிந்ததிலிருந்து. அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான். ரத்துப் பொத்தானை 72 மணிக்குப் பிறகு திரையிலிருந்து மறைத்தால் போதாது, சர்வரிலும் மறுக்க வேண்டும். இ-இன்வாய்ஸ் கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களுக்கு மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒரு தொகுப்பு இன்வாய்ஸ். அது தனி ஷெட்யூல் வேலை.

ஆவண நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம், மலேசியாவுக்கு எட்டு மணி பின்னால்) போக வேண்டும். ஜூலை 1 காலை ஏழரைக்குப் போட்ட பில் அங்கே ஜூன் 30, இரவு 23.30. மாதத் தொகுப்பை யூடிசி தேதியில் பிரித்தால் ஒவ்வொரு மாதமும் முதல் நாள் காலை வியாபாரம் முந்தைய மாதத்தில் விழும். பிரிப்பது மலேசிய நேரத்தில், அனுப்புவது யூடிசியில்.

29 ஜூன் 2025

பணத்தை ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) வைத்திருக்கிறீர்கள், பார்த்தேன். பிஎச்பியில் 19.99ஐ 100ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 1998 வரும். ஒரு சென் (வெள்ளியில் நூறில் ஒன்று) காணாமல் போகும். சென்னில் முழு எண்ணாகச் சேமியுங்கள்.

ஐந்து சென்னுக்கு முழுமையாக்குவது, 2008 ஏப்ரலிலிருந்து உள்ள விதி, கவுண்டரில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகைக்கு மட்டும். 8.92 என்றால் 8.90, 8.93 என்றால் 8.95. எஃப்பிஎக்ஸுக்கு 8.93 அப்படியே. ஒவ்வொரு வரியிலும் முழுமையாக்கிக் கூட்டினால் கணக்கு ஒருநாளும் ஒட்டாது. இதற்கு ஸ்டிராட்டஜி பேட்டர்ன் என்று மூன்று கிளாஸ் அனுப்பியிருக்கிறீர்கள் தம்பி. ஒரு இஃப் வரி போதும்.

17 ஆகஸ்ட் 2025

செந்தூலிலிருந்து ஒருவர், சங்க உறுப்பினர் பதிவு ஒன்றைப் பார்த்துக்கொள்பவர்: "வயதானவர்களின் பிறந்த தேதி மட்டும் ஒரு நாள் முந்திக் காட்டுகிறது. இளையவர்களுக்குச் சரி."

அழகான பிழை. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும் வரை யூடிசியைவிட ஏழரை மணி முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் எட்டு. உங்கள் பழைய கோடு பிறந்த தேதியை நள்ளிரவு, நிலையான கூட்டல் எட்டு என்று யூடிசிக்கு மாற்றிச் சேமித்திருக்கிறது. புதுக் கோடு அதைக் கோலாலம்பூர் நேர மண்டலப்படி திருப்புகிறது. மண்டலத் தரவுக்கு வரலாறு தெரியும். 1975 மார்ச் 10 நள்ளிரவாகப் போனது, மார்ச் 9 இரவு 11.30 ஆகத் திரும்புகிறது. 1982க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இரண்டும் எட்டு, ஒட்டிக்கொள்கிறது.

பிறந்த தேதிக்கு நேரமே கிடையாது. டேட் வகை நெடுவரிசை, அவ்வளவே. இருக்கும் பதிவுகளைத் திருத்தச் சேமித்த நேரத்தோடு எட்டு மணி கூட்டித் தேதியை மட்டும் வெட்டி எடுங்கள். பிறகு ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கத்தோடு ஒப்பிடுங்கள், வருஷம் மாதம் நாள் அதில்தான் இருக்கிறது. பொருந்தாததைக் கையால் பாருங்கள்.

5 அக்டோபர் 2025

தீபாவளி 20ஆம் தேதி. ஜார்ஜ்டவுனில் அகல்விளக்கு 40 பெட்டி இருந்து 43 பெட்டி விற்றிருக்கிறதாம். இருப்பைப் படித்து, கோடில் கழித்து, திரும்ப எழுதுகிறீர்கள். இருவர் ஒரே நேரத்தில் 40 என்று படித்தால் முடிந்தது. கழித்தலை டேட்டாபேஸின் அப்டேட் கட்டளையிலேயே செய்யுங்கள், "இருப்பு இத்தனைக்குக் குறையாமல் இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையோடு. பாதித்த வரி பூஜ்யம் என்று வந்தால் சரக்கு இல்லை. ஒரு ஆர்டரில் பல பொருள் இருப்பதால் எப்போதும் பொருள் எண் வரிசையிலேயே அப்டேட் செய்யுங்கள். ஒருவர் திரி முதலில் விளக்கு பிறகு, மற்றவர் விளக்கு முதலில் திரி பிறகு என்று பூட்டினால் டெட்லாக், இருவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்பார்கள்.

மார்ச்சில் ரியாக்டை ஆர்டர் திரைக்கு மட்டும் என்றேன். இப்போது அந்தத் திரையைப் பார்த்தால் ஒரு தேடல் பெட்டி, ஓர் எண்ணிக்கைப் பெட்டி, ஒரு கூட்டுத்தொகை. எச்டிஎம்எக்ஸ் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் சர்வரிலிருந்து மாற்றும் சிறு கருவி) போதுமாக இருந்திருக்கும், பில்டு வேலையே மிச்சம். ஆனால் கடையில் நெட் விட்டு விட்டு வருகிறது, பாதி ஆர்டர் போனிலேயே காத்திருக்கிறது என்று சொல்கிறீர்கள். அதற்கு ரியாக்ட் பக்கம்தான் நல்லது. சொன்னது சரி, சொன்ன காரணம் தப்பு.

6 அக்டோபர் 2025, காலை 7.20

> "நீங்கள் சொன்ன அப்டேட்டை இரவே சர்வரில் டிப்ளாய் செய்துவிட்டோம். வெப்பில் சரி. போனில் காத்திருந்து கியூ வழியாக வரும் ஆர்டர்கள் மட்டும் இன்னும் அதிகமாகக் கழிக்கின்றன."

டிப்ளாய்க்குப் பிறகு வொர்க்கரை ரீஸ்டார்ட் செய்தீர்களா? அது தொடங்கும்போது ஏற்றிக்கொண்ட கோடையே மெமரியில் வைத்துக்கொண்டு ஓடும். ஃபைல் மாறியது அதற்குத் தெரியாது.

6 அக்டோபர் 2025, காலை 7.26 – ஜார்ஜ்டவுன்

இல்லை. மே மாதத்திலிருந்தே செய்யவில்லை.